டாக்டருக்குக் காட்டிய முகம்

என்னோடு வேலை செய்யும் ப்ரீடா, காலைத் தேநீர் நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைப்பார். பிஸ்கட் டப்பாவுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில் அது கிடக்கும். பேச்சை நிறுத்தாமலேயே கொஞ்சம் பிதுக்கி, கண்ணாடிகூடப் பார்க்காமல், இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் தடவிக்கொள்வார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் "போன தடவை வேற மருந்து வச்சிருந்தியே, அது என்ன ஆச்சு" என்று கேட்பார். ப்ரீடா அந்தப் பழைய மருந்து எப்படி எரிந்தது, புதியது எப்படி எரியவில்லை என்று விவரமாகச் சொல்வார். நாலு பேர் கேட்டுக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவுவார்கள். அயர்லாந்தின் தென்கோடியில், ஒரு முதியோர் இல்லத்தின் ஓய்வறையில், பதினொரு வருடமாக நான் பார்க்கும் காட்சி இது. முதல் வருடம் எனக்குக் கூச்சத்தில் தலை தானாகக் குனிந்துகொண்டது. தோலுக்குப் போடும் மருந்தை மனுஷர் சாப்பிடும் இடத்தில், மனுஷர் பார்க்க எடுப்பார்களா?

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு ட்யூப் இருந்தால் அது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும், அல்லது பீரோவில் புடவை அடுக்குக்குள் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் மறைப்பதற்கு அதுதான் முதல் பொருள். பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் தோல் டாக்டர் சீட்டு கிடப்பதை யாராவது பார்த்துவிட்டால் பேச்சு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரை போய்விடும். ஆனால் நிறத்துக்குப் போடும் க்ரீம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது மருந்தே இல்லை, அது 'அழகுக்கு'. எனக்கு இருபத்து மூன்று வயதில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னபோது, தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணாதான் அதை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிற அட்டைப் பெட்டி, கட்டைவிரல் அளவு ட்யூப். "நைட்ல மெல்லிசா போடும்மா. பத்து நாள்ல நீயே சொல்லுவே." பத்து நாள்கூட ஆகவில்லை. முகம் பளிச்சென்று ஆனது. வந்தவர்கள் பார்த்தார்கள், சரி என்றார்கள். அந்த ட்யூபுக்குள் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. படிக்கத் தெரியாதவள் இல்லை நான், படிக்கவில்லை.

அன்றிலிருந்து பதினைந்து வருடம் அதை விடவில்லை. விட்டால் முகம் எரியும், சிவக்கும், பொரிப்பொரியாகக் கிளம்பும். மறுபடி போட்டால் ஒரே ராத்திரியில் அடங்கிவிடும். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது, க்ரீம் மிக நல்ல க்ரீம் என்பது. அடங்குவதும் அதனால், கிளம்புவதும் அதனால் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு டஜன் ட்யூப் வாங்கி, காலுறைகளுக்குள் ஒன்றொன்றாகத் திணித்து, பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவருவேன். ஊறுகாய் பாட்டிலை மேலேயே வைப்பேன், அதைப் பற்றி எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் க்ரீம் போட்டும் எரிய ஆரம்பித்தது. உள்ளே ஹீட்டர், வெளியே காற்று. சூடான தேநீர் குடித்தால் கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருக்கும். என் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஒரு மாதிரி கருஞ்சிவப்பாக, வெயிலில் அலைந்தவள் முகம் மாதிரி இருக்கும். ப்ரீடா ஒருமுறை என்னைப் பார்த்து, "உனக்கென்ன, குளிர் காற்று பட்டாலும் உன் முகத்தில் ஒண்ணும் தெரியறதில்லை, கொடுத்து வச்சவ" என்றார். நான் சிரித்தேன். சிரித்தபோதும் எரிந்தது.

கடைசியில் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இந்த ஊரில் நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்றாவது வாரத்தில் நான் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். டாக்டரிடம் போகிறோமே, இந்த முகத்தை எப்படிக் காட்டுவது என்று, மூன்று நாள் முன்னாலிருந்தே க்ரீமைத் தாராளமாகப் போட்டேன். போகும் அன்று காலையில் குளித்து, லேசாகப் பவுடர் ஒற்றி, நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். நம் ஊரில் யார்தான் டாக்டரிடம் அழுக்காகப் போகிறார்கள்? காய்ச்சலில் நடுங்குகிறவர்கூட முகம் கழுவி, தலை வாரி, திருநீறோ பவுடரோ இட்டுக்கொண்டுதான் ஆட்டோ ஏறுவார். டாக்டர் என் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னப் பெண், முப்பது இருக்கும். "லவ்லி ஸ்கின்" என்றார். ஒன்றும் இல்லை, வெறும் வறட்சி, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பிவைத்தார். நோயைக் காட்டப் போன இடத்தில் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதைவிட வெட்கம், பேருந்தில் திரும்பும்போது அந்தப் பாராட்டில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் கையிருப்பு ட்யூப்கள் தீர்ந்தன. பத்து நாளில் முகம் வீங்கி, கன்னம் முழுக்கச் சீழ்ப் பொரிகள் கிளம்பின. வேலைக்கு மாஸ்க் போட்டுப் போனேன். ப்ரீடா ஓய்வறையில் அதைக் கழற்றச் சொன்னார். பார்த்தார். முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். "அட, இது ரோசேஷியா மாதிரி இருக்கே, முகம் சிவந்து பொரி கிளம்புற தோல் வியாதி. எனக்கு முப்பது வயசிலிருந்து இருக்கு. டாக்டரிடம் இப்படியே போ. கழுவாதே, எதையும் பூசாதே" என்றார். இப்படியே போவதா? என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

இப்படியே போனேன். அதே டாக்டர். இந்த முறை அவர் முகம் மாறியது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு பைக்குள் வைத்திருந்த காலி ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தேன். பொடி எழுத்தைப் படித்துவிட்டு, இதை எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்றார். கடைக்காரர் கொடுத்தார் என்றேன். கடையில் இருக்கும் டாக்டரா என்றார். இல்லை, கடைக்காரர். அவர் பெயர் சீட்டில் இருக்குமா? சீட்டு இல்லை, டாக்டர். அவருக்கு நான் சொல்வது விளங்கவே இல்லை. கடைக்காரரை நான் ஏதோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கடைசியாக, "உங்கள் வீட்டில் வேறு யாராவது இதைப் போடுகிறார்களா" என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன்.

பொய். என் அண்ணன் மகள் தர்ஷினி போட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்தவள் நான்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக வெயிலில் ஓடி ஓடிக் கறுத்திருந்தாள். ஓடுவதில் கெட்டிக்காரி, கோப்பையெல்லாம் வாங்கியிருந்தாள். அந்தக் கோப்பையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்னடி இப்படிக் கறுத்துட்டே" என்றுதான் ஆரம்பித்தேன். கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து அவள் கையில் வைத்தேன். அது தெருமுனைக் கடையில் அதற்கு முந்தைய வருடம் வாங்கி, அயர்லாந்து வரை போய், என் கைப்பையிலேயே திரும்பி வந்த ட்யூப். ஆனால் என் கைப்பையிலிருந்து வந்ததால் அவர்களுக்கு அது பாரின் க்ரீம். அண்ணி அதைக் கையில் வாங்கி, "ஃபாரின்னா ஃபாரின்தான், வாசனையே வேற மாதிரி கீது பாரேன்" என்றார். நான் திருத்தவில்லை. சாக்லேட்டும் சென்ட்டும் கொடுத்த அதே கையால் கொடுத்த பொருள், அதன் மதிப்பை ஏன் குறைப்பானேன் என்று இருந்துவிட்டேன். அது தீர்ந்ததும் தர்ஷினி காலி ட்யூபைக் கடையில் காட்டியிருக்கிறாள். அதே க்ரீம் அங்கேயே கிடைத்தது. அண்ணி போனில் சொல்லிச் சிரித்தார்: "ஒங்க ஊரு க்ரீமு நம்ம தெருவுலயே வந்துட்ச்சு, இனிமே நீ தூக்கினு வர வேணாம்." அப்போதும் நான் சேர்ந்து சிரித்தேன்.

அயர்லாந்து டாக்டர் ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். ஆனது. கொஞ்ச நாள் மாத்திரையும், பூசுவதற்கு ஜெல்லும் கொடுத்தார். முதலில் கொடுத்த ஜெல்லின் பெயரைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மெட்ரானிடசோல். நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் நாலு நாலாக வெட்டிக் கொடுப்பார்களே, அதே பெயர். காலையும் மாலையும் பூசினேன். கொஞ்சம் கேட்டது, முழுக்கக் கேட்கவில்லை. அப்புறம் ஐவர்மெக்டின் க்ரீம். ப்ரீடா அதைப் பார்த்து, "இது நாங்க செம்மறி ஆட்டுக்குக் கொடுப்போம்" என்று சிரித்தார், அவர் பிறந்தது பண்ணை வீட்டில். கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிகள் எல்லார் தோலிலும் உண்டாம், எங்களைப் போன்றவர் முகத்தில் கூடுதலாக இருக்குமாம், அதற்காகவாம். இதைக் கேட்ட ராத்திரி நான் தலையணை உறையை இரண்டு முறை துவைத்தேன். அழுக்கினால் வருவதில்லை என்று டாக்டர் சொன்னதை மனது ஏற்க நாளாயிற்று. பொரி போன இடத்தில் தங்கிய கறுப்புக்கு அசெலாயிக் ஆசிட் ஜெல் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் அரிப்பு தாங்காது, பிறகு பழகிவிடும். சிவப்பைச் சில மணி நேரத்துக்கு மட்டும் மறைக்கிற ஜெல் ஒன்றும் இருக்கிறது. கேள்விப்பட்டதும், ஊருக்குப் போகும்போது அது வேண்டும் என்று கேட்டேன். நேரம் தீர்ந்ததும் சிலருக்கு முன்னைவிட அதிகமாகச் சிவக்கும் என்றார் டாக்டர். அதாவது நான் கேட்டது மறுபடியும் அதே வித்தையை. எதுவும் பத்து நாளில் நடக்கவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று பொறுத்துத்தான் ஒவ்வொன்றும் வேலை செய்தது. நான் டாக்டர் இல்லை, என் முகத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முகத்தைக் கழுவாமல் கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்த எட்டு மாதத்தில் அண்ணியோடு வாரம் தவறாமல் பேசினேன். தர்ஷினி காட்டாங்குளத்தூரில் கல்லூரி சேர்ந்திருந்தாள், வீடியோவில் அவள் வருவதே இல்லை. படிக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு ஏன் என்று தெரியும். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் பாரின் க்ரீம் கதையையும் சொல்ல வேண்டும்.

போன ஏப்ரலில் விடுமுறைக்குப் போனேன். என் முகம் அதற்குள் ஓரளவு தெளிந்திருந்தது. தர்ஷினி வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. அண்ணி காரணங்களை அடுக்கினார். கேன்டீன் எண்ணெய், பஸ் தூசி, கல்லூரித் தோழி வீட்டுக்குப் பள்ளிக்கரணைக்குப் போனபோது பட்ட குப்பைப் புகை. பிறகு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார். "அத்த மூஞ்சியப் பாரு, இன்னா தெளிவா கீது. அதே க்ரீமுதான அதுவும் போடுது. ஒயுங்கா தண்ணி குடிக்காம, கண்டதத் தின்னுகினு இருந்தா இப்டித்தான்." மாஸ்குக்கு மேலே தர்ஷினியின் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. நான் பெட்டியைத் திறந்து சாக்லேட்டை எடுத்தேன்.

மறுநாள் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அவ்வளவுக்காவது துணிந்தேன். கிளம்பும் நேரத்தில் அண்ணி வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். தர்ஷினியைக் கூப்பிட உள்ளறைக்குப் போனேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, ரோஸ் அட்டை ட்யூபைப் பிதுக்கி, கன்னம் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பவுடர் டப்பா திறந்து இருந்தது.

"என்னடி பண்றே?"

"டாக்டர்கிட்ட போறோம்ல அத்தை. இந்த மூஞ்சிய எப்படிக் காட்டுறது? டூ டேஸா போட்டுட்டுதான் இருக்கேன், கொஞ்சம் அடங்கியிருக்கு."

ஈரத் துண்டை எடுத்து வந்து அவள் முகத்தைத் துடைத்தேன். தோல் மெலிந்து, நரம்பு ஓடியது தெரிந்தது. பத்தொன்பது வயது முகம்.

"இது போடாதே. இதனாலதான் வந்திருக்கு. எனக்கும் இதேதான் வந்துச்சு. நானும் இப்படித்தான் பூசிட்டு டாக்டர்கிட்ட போனேன்."

"உங்களுக்குமா? எப்ப?"

"போன வருஷம். நிறுத்திட்டேன். வேற மருந்து போடறேன்."

அவள் கணக்குப் பார்த்தாள். எனக்கு அது கேட்டது போலவே இருந்தது.

"எவ்ளோ மாசமா தெரியும் உங்களுக்கு, இதனாலதான்னு?"

"எட்டு மாசம்."

"எய்ட் மன்த்ஸா?" குரலை உயர்த்தவில்லை. "நான் டெய்லி போட்டுட்டு இருந்தேன் அத்தை. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே. ஒரே ஒரு மெசேஜ்."

அண்ணி வாசலிலிருந்து குரல் கொடுத்தார், ஆட்டோக்காரர் பேஜார் பண்ணுகிறார் என்று. நாங்கள் போய் ஏறிக்கொண்டோம். தர்ஷினி நடுவில் உட்கார்ந்தாள். பெருங்களத்தூர்ப் பக்கமிருந்து வந்த பஸ்களின் புழுதியிலேயே தாம்பரம் போனோம்.

அந்த டாக்டர் நடுத்தர வயது அம்மா, நிதானமானவர். ட்யூபைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் இதோடுதான் வருகிறார்கள் என்றார். "யாரும்மா இதைப் போடச் சொன்னா?" என்று தர்ஷினியிடம் கேட்டார்.

"ஃப்ரெண்டு, மேடம். ஸ்கூல் ஃப்ரெண்டு" என்றாள் அவள். என்னைப் பார்க்கவே இல்லை.

அவள் என்னைக் காப்பாற்றினாள். கொஞ்ச நேரம் முன்னால் எட்டு மாதத்தைக் கேட்ட பெண். என் பக்கத்தில் அண்ணி, மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வந்தது. அங்கே பழகிய ஆங்கிலம், வேகமாக, சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டு: தோழி இல்லை டாக்டர், நான்தான் அறிமுகப்படுத்தினேன், நாலு வருடம் முன்னால், எனக்கும் இதே பாதிப்பு, தெரிந்த பிறகும் சொல்லவில்லை. டாக்டர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஒன்பதாவது வரை படித்த என் அண்ணிக்கு அது எட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த மொழியில் சொன்னேன்.

"இன்னா சொன்னே?" என்றார் அண்ணி.

"எத்தனை வருஷமா போடறான்னு கேட்டாங்க அண்ணி. சொன்னேன்."

தர்ஷினிக்கு முழுக்கப் புரிந்தது. அவள் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள நீ வந்தே. அங்க இருந்துகினு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கே. எங்களுக்கு இன்னா தெரியும்? நீ இல்லாட்டி இந்தப் பொண்ணு இன்னும் இன்னாத்தப் பூசினு இருக்குமோ." நான் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. வீடு வந்ததும் எனக்குப் பிடிக்கும் என்று வஞ்சிரம் மீன் வாங்கிவரச் சொல்லி அண்ணனுக்குப் போன் போட்டார். சாப்பிட்டேன்.

தர்ஷினிக்கு இப்போது மாத்திரை முடிந்து ஜெல் மட்டும் நடக்கிறது. நடுவில் மிகவும் மோசமானது. ஒரு மாதம் அறையைவிட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு ஒரு படம் அனுப்புகிறாள். ஃபில்டர் இல்லை, பவுடர் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் முகம் மட்டும். கீழே ஒரு வார்த்தையும் இருக்காது. நானும் என் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே எடுத்து அனுப்புகிறேன். போன மாதத்துப் படத்தில் கன்னம் தெளிந்திருந்தது. பின்னால் கட்டிலின் மேல் ஓட்டப் பந்தயக் காலணி கிடந்தது. அதைப் பற்றிக் கேட்கத் தட்டச்சு செய்தேன், அழித்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நாளில் நான் வேறு கேள்வி கேட்டவள்.

ஏப்ரலில் திரும்பி வந்தபோது இங்கே விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் இருப்பது க்ரீம் போட்ட காலத்து முகம், வெளுத்து, வழவழவென்று. இது நீங்கள்தானா என்று மரியாதையாகக் கேட்டார். நான்தான் என்றேன். இன்னும் சில வருடத்துக்கு இரண்டு நாட்டு வாசலிலும் அந்த முகத்தைத்தான் நீட்டியாக வேண்டும்.

என் அண்ணி வாரப் பத்திரிகை எதையும் விடமாட்டார். மதியம் சமையல் முடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவார். அதனால் இதைத் தமிழில், ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். அண்ணி, அது பாரின் க்ரீம் இல்லை. நம் தெருமுனைக் கடையில் நான் வாங்கியது. தர்ஷினிக்கு அதைக் கொடுத்தது தோழி இல்லை, நான். தெரிந்த பிறகும் எட்டு மாதம் உங்களோடு வாரா வாரம் பேசிக்கொண்டே அதைச் சொல்லாமல் இருந்ததும் நான். டாக்டர் அறையில் உங்களுக்குப் புரியாத மொழியைப் பார்த்து எடுத்துச் சொன்னேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது எதையும் பூசாமல் வருவேன். கதவைத் திறப்பது நீங்களாகத்தான் இருக்கும். அந்த வாசலில் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், முகத்தைத்தான் பார்ப்பார்கள். எந்த விமான நிலையத்திலும் வராத பயம் எனக்கு அங்கே நிற்பதை நினைத்தால் வருகிறது.